பிரஷர் பார்க்க வந்தவர்

கோவில்பதாகை ஏரிப் பக்கத்துத் தெரு. தோளில் பையோடு வந்த சுகாதாரத் தன்னார்வலர், வாசற்படியில் இருந்த மூதாட்டியின் கையில் பட்டையைச் சுற்றினார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஆயா?"

"போடுறேம்மா. தூக்கந்தான் வரமாட்டேங்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. அவரு போனதுலேர்ந்து இப்படித்தான்."

அவர், ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே மாலை போட்ட படத்தில் இருக்கிறார்.

இரண்டு எண்கள் நோட்டில் ஏறின. கிளம்பியிருக்கலாம், தெருவில் இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. அந்தப் பெண் பையை இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"ராத்திரி முழிச்சிருக்கும்போது இன்னா நினைப்பு வரும் ஆயா?"

ஆயா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். 'அதெல்லாம் நினைக்காதீங்க' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு வராத வித்தை.

பேரன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினான். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டதாம். துணைத் தேர்வு எழுத வேண்டும்.

"புக்கத் தொட மாட்டேங்குறான். கேட்டா கத்துறான்."

"ரெண்டு நாளைக்குப் படிப்பப் பத்திக் கேக்காதீங்க. சாப்ட்டியான்னு மட்டும் கேளுங்க. அவனே பேசுவான்."

இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க முடியும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு தடவை உட்கார்ந்து பேசவைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் கூடுதலானோர் தேறினார்கள். 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது.

ஆயாவைக் கீழ்ப்பாக்கத்துக்குப் போகச் சொன்னால் போவாரா? 1794இல் தொடங்கிய பழைய மனநல ஆஸ்பத்திரி. அதன் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஷேர் ஆட்டோ, மின்சார ரயில், மறுபடி பஸ் என்று வழிக்கு ஏற்பாடு செய்துவிடலாம். 'எனக்கென்ன பைத்தியமா?' என்பதை எந்த வண்டியில் ஏற்றுவது? 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை.

எழுந்த பெண், கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் 14416 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். "தூக்கம் வராதப்போ போடுங்க. தம்பிகிட்டயும் குடுங்க."

நோட்டில் மட்டும் அந்த இரண்டு எண்கள்தான். படியில் உட்கார்ந்த நேரத்துக்கு அதில் இடமில்லை.

அந்தப் பெண்ணை அனுப்பிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுப் படிவரை வந்தும்விட்டது. அதை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிரஷர், சுகரோடு 'தூக்கம் எப்படி?' என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். பதிலை உட்கார்ந்து கேட்கும் பெண்ணுக்கு முறையான பயிற்சி கொடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.