இலை உதிரும் மூன்று மாதங்கள்



கெடா மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நெல் வயல் பச்சையாக இருக்கும் மாதங்களில் வருவார்கள். நீங்கள் தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் பிப்ரவரி மாதத்தில் வாருங்கள் என்று நான் சொல்வேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுங்கைப் பட்டாணி வந்துவிடும். அங்கிருந்து பழைய சடக்கில் பீடோங் பக்கமாகப் போனால் இடக்கைப் பக்கம் குனோங் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைப் பார்த்துத்தான் முற்காலத்து மாலுமிகள் கெடாத் துறையை அடையாளம் கண்டார்கள்.

பிப்ரவரியில் மலை அதே மலைதான். மலையடியில் இருக்கும் ரப்பர் காடு மட்டும் வேறாகத் தெரியும். நம் நாட்டுக்குக் கோடை, குளிர் என்று தனித்தனிப் பருவம் இல்லை என்பார்கள். கெடாவில் பால் வெட்டினவர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள். ஜனவரி தொடங்கி மார்ச் வரை வடக்கே மழை குறைந்து வெயில் கொளுத்தும். மரத்து இலை சிவந்து, பழுத்து, கொட்டிவிடும். நிரையில் நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். மங்கில் பால் பாதி கூட நிறையாது. புது இலை தளிர்த்து முற்றும் வரை சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். கிராணி கூப்பிட்டு வெளிக்காட்டு வேலை கொடுத்தால் உண்டு.

வரும்படி குறைகிற இந்த மாதங்கள்தான், ஐந்தாம் படிவத்துச் சோதனையை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கும் மாதங்களும் ஆகும். ஆண்டின் முடிவில் எஸ்.பி.எம். எழுதுவார்கள். முடிவு மறு ஆண்டு மார்ச் மாதத்தையொட்டி வரும். சில ஆண்டுகளில் முன்பின் ஆனதும் உண்டு. இடையில் மூன்று மாதம். "இனி என்ன?" என்ற கேள்வி ஒவ்வொரு லயத்து வீட்டிலும் பசியாறும் நேரத்தில் எழும். அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் தம்பி குடும்பம் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. தம்பி மகன் பால் வெட்டுகிறான். அவன் மூத்த மகள் சோதனை எழுதி முடித்திருந்தாள். சென்ற முறை போனபோது அவளைப் பார்த்துப் பேச எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவ்வளவு வேலை அவளுக்கு!

விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பிரட்டுக்கு மணி அடிக்கும். ஆண்களும் பெண்களும் வாளியும் உளியுமாகப் போவார்கள். இப்போது அதே இருட்டில் சோற்றுப் பொட்டலத்தோடு இளம் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்ட பிறகு இந்த மாற்றம் தொடங்கியது. பின்னர் சுங்கைப் பட்டாணியில் தொழிற்பேட்டைகள் வந்தன. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் வந்தது.

"சம்பளம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து எழுநூறு வெள்ளி, தாத்தா. சேமநிதிக்குப் பிடிச்சது போகக் கையில ஆயிரத்து ஐந்நூறு வருது."

2025-ஆம் ஆண்டு முதல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிதான். அதில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகும். கையில் வரும் 1,500-இல் மாதம் 500 வெள்ளியைத் தாயிடம் கொடுத்துவிடுகிறாள். அப்பனின் பால் காசு குறைந்த மாதத்தில் அந்த ஐந்நூறு வீட்டுக்கு எத்தனை பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீதியில் அவள் சாப்பாடு, வகுப்புக் கட்டணம் போக, மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. கணக்கை ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

மாலையில் திரும்பி வந்ததும் ஆங்கிலப் புத்தகம். வாரத்தில் இரண்டு இரவு பட்டணத்தில் ஆங்கில வகுப்பு. வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். 1982-இல் மலாயாப் பல்கலைக்கழகத்து வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் வகுப்பில் படித்துத்தான் இவள் கணக்கில் தேறினாள். படித்து மேலே போனவர்கள் திரும்பி வந்து கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த நிலையத்தின் பழக்கம். அந்தப் பழக்கம் இவளையும் பிடித்துக்கொண்டது.

அவளுக்குத் தமிழ்நாட்டுக்குப் போய் உடலியக்க மருத்துவம் படிக்க ஆசை. வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். அங்கேதான் சிக்கல் இருந்தது. அதைச் சொல்லுமுன் உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தம்பிமார் இருவரையும் கூட்டிக்கொண்டு மெர்போக் போனேன். கெடாவில் பள்ளிகளுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும் அல்லவா! பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடையொட்டிய மேட்டில் கல்லால் கட்டிய பழைய கோயிலின் அடித்தளத்தைப் பார்க்கலாம். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் இந்த வட்டாரத்தில் தோண்டி ஆராய்ந்தார்கள். புக்கிட் பத்து பகாட் எனப்படும் அந்தக் கோயில் 1960-ஆம் ஆண்டையொட்டிச் சீரமைக்கப்பட்டது. நம் கல்வெட்டுகளில் கடாரம் என்று வருவது இந்த நாடுதான். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை இங்கே வந்தது. அதற்குச் சிறிது காலத்துக்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான்.

பையன்களுக்கு நான் சொன்ன கதை வேறு. இ-சிங் என்று ஒரு சீனத் துறவி இருந்தார். இந்தியாவில் நாளந்தா என்னும் பெரிய கல்விச்சாலையில் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 671-இல் சீனத்துத் தென்கரையிலிருந்து கப்பல் ஏறினார். நேரே இந்தியாவுக்குப் போகவில்லை. வழியில் சுமத்திராவின் ஸ்ரீவிஜய நாட்டில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு இந்தக் கெடாவுக்கு வந்தார். ஆண்டின் கடைசி மாதத்தில் இங்கிருந்து கப்பல் ஏறி வடக்கே போய், 673-இல் வங்கக் கரையில் இறங்கினார். அங்கேயும் ஏறக்குறைய ஓராண்டு மொழி படித்த பிறகுதான் நாளந்தா போனார். அங்கே பத்து ஆண்டு போலப் படித்தார். ஊர் திரும்பும்போதும் கெடா வழியாகத்தான் வந்தார்.

"அப்ப அவரும் இங்ஙன டியூசன் எடுத்துட்டுத்தான் போனாரா, தாத்தா?" என்று சின்னவன் கேட்டான். ஆமாம் என்றேன். ஆயத்தம் இல்லாமல் கடல் கடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதில் ஒருவன் நானேதான். கடல் கூடக் கடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

1976-இல் எனக்கும் இதே போல ஒரு மூன்று மாதம் இருந்தது. காலையில் அம்மாவுக்கு மங்கு துடைத்து ஒட்டுப்பால் பொறுக்குவேன். பிற்பகலில் பட்டணத்துக் கடையில் மூட்டை அடுக்குவேன். இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் ஆங்கிலம். சென்னைக் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்புக்கு இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் சென்னைக்குப் போய்வந்து கொண்டிருந்தது. 1985-இல் அது தீப்பற்றிய பிறகு அந்தக் கப்பல் பயணமே நின்றுபோயிற்று.

அம்மா கழுத்துச் சங்கிலியை விற்றுக் கப்பலுக்குப் பணம் வைத்திருந்தாள். கடவுச்சீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, என் பிறப்புச் சூராவில் அப்பா பெயர் ஒரு விதம், அப்பாவின் அடையாள அட்டையில் வேறு விதம். பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். திருத்தத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். அப்பா நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு ஏழு முறை வந்தார். எல்லாம் சரியாகிக் கடவுச்சீட்டு கையில் வந்தபோது கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் போயிருந்தால் கல்லூரி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நான் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு அதிலேயே நிலைத்துவிட்டேன். குறையொன்றும் இல்லை. ஆனாலும் அம்மா வெறுங்கழுத்தோடு திரும்பி வந்த அந்தப் பஸ் பயணத்தை நான் மறந்ததில்லை.

இப்போது பேத்தியின் சிக்கலுக்கு வருகிறேன். ஒரு தரகர் வீட்டுக்கு வந்து, எஸ்.பி.எம். போதும், முடிவு வருமுன்பே இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். தம்பி மகன் மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டான்.

நான் பேத்தியைத் தனியே அழைத்து, "கல்லூரிக்கு நீயே எழுதிக் கேட்டாயா?" என்றேன். தரகர் வேண்டாம் என்றாராம். "எழுதும்மா. உனக்குத்தான் ஆங்கிலம் வருகிறதே!" என்றேன்.

அன்று இரவே கைப்பேசியில் எழுதி அனுப்பினாள். நான்கு நாளில் பதில் வந்தது. அங்கே 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், எஸ்.பி.எம். 11 ஆண்டுப் படிப்பு. ஆகவே நேரே சேர முடியாது. ஆறாம் படிவமோ அதற்கு இணையான படிப்போ முடித்து வந்தால் விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். என் காலத்தில் தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு இருந்தது. 1978-இல் அங்கே மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. தரகர் இன்னும் பழைய கதவைக் காட்டிக்கொண்டிருந்தார்!

கடிதத்தைப் படித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அவள் தகப்பன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நகை பெட்டியிலேயே இருக்கட்டும், பெரியப்பா. இன்னும் ஒண்ணரை வருசம்தானே, படிக்கட்டும்" என்றான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு மூன்று மாதத்தில் இருந்தால் சிலவற்றை இப்போதே செய்துவிடுங்கள். பிறப்புச் சூரா, தாய் தகப்பன் அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கடவுச்சீட்டுக்கு 200 வெள்ளி. ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் புறப்படும் நாளை ஒட்டியே எடுக்கலாம். ஆனால் பெயர்த் திருத்தம் இருந்தால் இன்றே தொடங்குங்கள். கெடாவில் அரசாங்க அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஞாயிறு விடுமுறை உள்ள தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைக்கு அதுவே வசதி. வெளிநாட்டார் கேட்கும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுச் சான்று இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆகவே இப்போது படிக்கட்டும், தேர்வைப் பிறகு எழுதட்டும். அங்கே வாங்கும் பட்டத்தை நம் அரசாங்கம் ஏற்குமா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். என் லயத்துக்காரர் ஒருவர் பட்டத்தோடு திரும்பி வந்தும் அரசாங்க வேலைக்கு அது செல்லாமல் போனதைப் பார்த்தவன் நான்.

பணத்துக்கும் வழி தேடலாம். பெற்றோர் தங்கள் ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியைப் பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க இடமுண்டு. பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி செய்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் அதைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம் இந்தக் கெடாவின் புக்கிட் சிடிம்தான். வெளிநாடுதான் படிப்பு என்றும் இல்லை. செமிலிங்கில், அதே மலையடியில், 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம், ஜித்ராவிலும் கூலிமிலும் பாலிடெக்னிக் கல்லூரிகள் இருக்கின்றன. பிள்ளையின் எண்ணத்துக்கும் வீட்டின் நிலைக்கும் எது பொருந்துமோ அதைப் பாருங்கள்.

நான் புறப்பட்ட நாளில் பேத்தி என்னைச் சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டாள். வழியில் நிரைகளில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வந்திருந்தது. இன்னும் சில வாரத்தில் இலை முற்றிவிடும். அவள் அப்பன் மறுபடியும் உளியைத் தீட்டுவான்.

"எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று கேட்டேன்.

"இரண்டாயிரத்து நூறு, தாத்தா. ஆறாம் படிவம் முடியுற வரைக்கும் அதைத் தொட மாட்டேன்."

பினாங்குக் கப்பல் துறையை ஒரு நாள் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அவள் விமானத்தில்தான் போவாள். இருந்தாலும், அவள் கொள்ளுப்பாட்டி சங்கிலியில்லாமல் பஸ் ஏறிய இடத்தை அவள் பார்த்துவிட்டுப் போகட்டும்.