மலைக்கு எந்தத் துப்பாக்கி?

எங்கள் சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே மலை. அந்தக் காலத்தில் மலைப் பேச்சு எடுத்தால் வேட்டைப் பேச்சும் கூடவே வரும். பெரியப்பாவிடம் இருந்தது, குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. ஒரு வெடிதான். மறுபடி இடிப்பதற்குள் பன்றி ஓடிவிடும், இல்லையேல் நம்மேல் பாயும். "மலை ஏறுறவனுக்குத் துப்பாக்கி பாரமா இருக்கக் கூடாதுடா. மூச்சு வாங்கினா குறி தப்பும்" என்பார்.

ஓய்வுபெற்ற பின் வேட்டைப் புத்தகங்கள் படித்தேன். 1926-இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்ட ஜிம் கார்பெட் கையில் இருந்தது .275 ரிக்பி. ஏற்றத்தில் சுமக்கத் தோதானது. கென்னத் ஆண்டர்சனோ .405 வின்செஸ்டர் வைத்திருந்தார். குண்டு பெரிது, கிட்டத்தில் பாய்வதை நிறுத்தும். பெரியப்பா கணக்கு சரிதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. 1988-இல் நம் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

பன்றிக்கு இது தெரியுமா? போன மாதம் தம்பி மகனின் மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டன. "லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி எடுக்கலாமா பெரியப்பா?" என்றான். "வேண்டாம்ப்பா" என்றேன். இருட்டில் அசைவது பன்றியா, காவலுக்குப் படுத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரனா என்று எந்தத் துப்பாக்கிக்கும் தெரியாது. வேலியில் கரண்ட் விடுவது அதைவிட மோசம்; மனுஷனும் சாவான், யானையும் சாகும்.

சேதத்தைப் போட்டோ எடுத்து வனத்துறைக்கு மனு எழுதினோம். பணம் வரும்வரை காவலுக்கு டார்ச்சும் தகர டப்பாவும்தான்.