சனி எந்திரமும் வாடகைக் காசும்

ரொறன்ரோவில் எம்மவர் சிலரிடம் ஏழரைச் சனி என்று சொல்லி, ஒரு செப்புத் தகட்டுக்கு நூற்றுக்கணக்கான டொலர் கேட்கிறார்கள். அகதி வழக்கு முடியாத குடும்பங்கள் வாடகைக் காசை எடுத்துக் கொடுப்பதைக் கண்டே இதை எழுதுகிறேன்.

சனி எந்திரம் இரகசியம் அல்ல. ஒன்பது கட்டம் கீறுங்கள். மேல்வரிசையில் 12, 7, 14. நடுவரிசையில் 13, 11, 9. கீழ்வரிசையில் 8, 15, 10. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் கூட்டினால் 33 வரும்.

சனி ஓர் இராசியில் ஏறத்தாழ இரண்டரை வருடம் நிற்பார். மூன்று இராசி கடந்தால் ஏழரை. தகடு வாங்காவிட்டாலும் அவர் நகரத்தான் போகிறார்.

நம்பிக்கை உள்ளவர்கள் தாங்களே கீறிச் சுவாமிப் படத்தடியில் வைக்கலாம். ஊரில் போலச் சனிக்கிழமை கோவிலில் எள்ளெண்ணெய் எரிக்கலாம். வாடகைக் காசு வாடகைக்கே இருக்கட்டும். மிஞ்சினால் பிள்ளைகளுக்குப் பனிக்காலச் சப்பாத்து வாங்குங்கள்.