எந்தத் தெரு, தம்பி?

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் ஒரத்தநாடு பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கையில் நாலு கல்லூரி நோட்டீஸ் சேர்ந்துவிடும். கொடுக்கிற இளைஞனின் அடையாள அட்டையில் ‘பி.ஆர்.ஓ.’ என்று போட்டிருக்கும். மக்கள் தொடர்பு அலுவலர். 2019 கோடையில் அந்த அட்டையை நாங்களும் கழுத்தில் மாட்டியிருந்தோம். ஒரே காலனியைச் சேர்ந்த மூன்று பேர், மூவருமே வீட்டின் முதல் பட்டதாரிகள். எங்களில் ஒருவர் இதழியலும் மக்கள் தொடர்பியலும் அஞ்சல் வழியில் படித்தவர். அதனால் படிப்புக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது என்றே நம்பினோம்.

நேர்காணலில் அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியின் தாளாளர் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஊரு தம்பி?” சொன்னோம். இரண்டாவது கேள்வி, “ஊர்ல எந்தத் தெரு?” அதையும் சொன்னோம். மூன்றாவது கேள்வி வரவில்லை. பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலை அவர் திறக்கவே இல்லை. “நாளைலேர்ந்து வந்துருங்க.” அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்பது மறுநாள் ஏரியா பிரிக்கும்போது புரிந்தது. தலைமை ஆசிரியர்களைப் பார்ப்பது, பத்திரிகைக்காரர்களோடு பேசுவது, ஊர்ப் பெரியவர்களுக்கு அழைப்பிதழ் கொடுப்பது எல்லாம் வேறு இரண்டு பேருக்குப் போனது. அவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். எங்களுக்கு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரத்துக் காலனிகளின் பட்டியல் வந்தது. அதோடு ஆளுக்கு ஒரு டார்கெட். “உங்க ஆளுங்க உங்க பேச்சத்தான் கேப்பாங்க” என்றார் தாளாளர், பாராட்டுகிற குரலில்.

காலனி மேல் அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை? காரணம் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியலினப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2012இல் தமிழக அரசு, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் ஏற்பதாக ஆணையிட்டது. போராடிப் பெற்ற உரிமை அது. எத்தனையோ கூலி வீடுகளில் அதனால்தான் இன்ஜினியர்கள் வந்தார்கள். ஆனால் காலியாகக் கிடக்கும் வகுப்பறையை நிரப்ப வழி தேடும் முதலாளியின் கண்ணில், காலனிப் பிள்ளை ஒவ்வொன்றும் அரசு பணம் கட்டும் ஒரு ஸீட். அந்த ஸீட்டைப் பிடித்து வருபவனுக்குத்தான் அவர் ‘மக்கள் தொடர்பு’ என்று பெயர் வைத்திருந்தார்.

நாங்கள் பேசினோம். நன்றாகவே பேசினோம். நடவு முடித்துச் சேறு காயாத காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாக்களிடம், “காசு ஒண்ணும் கட்ட வேணாம் பெரியம்மா, எல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும்” என்றோம். கல்லூரி கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. எங்களிடம் அவர்கள் தாளைக் கேட்கவில்லை. “நீ சொன்னா சரிதான் தம்பி” என்று மார்க்ஷீட்டையும் டி.சி.யையும் மஞ்சள் பையோடு எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்று இருந்தது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள், நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை இந்த உதவித்தொகையிலிருந்து விலக்கிவிட்டன. கலந்தாய்வு வழியாக வரும் பிள்ளைக்கு உண்டு. நேராகக் கல்லூரிக்குப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்கு இல்லை. நாங்கள் சேர்த்துவிட்டவர்களில் சிலரைக் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில்தான் எழுதியிருந்தது. நாங்களும் விசாரிக்கவில்லை. எங்கள் தவறு அது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஐந்தாவது மாதம் ஒரு தங்கச்சி அழுதுகொண்டு போன் செய்தாள். பணம் கட்டினால்தான் தேர்வு எழுத விடுவோம் என்கிறார்களாம். படிப்பை விட்டுவிடுகிறேன் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மறுக்கிறார்களாம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் அறிவிக்கை கூலிக்காரர் வீட்டுக்கு வருவதில்லை. பி.ஆர்.ஓ. மட்டும்தான் வருகிறான்.

நாங்கள் ஒரு காரியம் செய்தோம். மூன்று காலனிகளில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோர் சொன்னதையெல்லாம் எழுதினோம். எந்தப் பிள்ளை எந்த ஒதுக்கீடு, என்ன சொல்லிச் சேர்த்தோம், இப்போது எவ்வளவு கேட்கிறார்கள், பஸ் கட்டணம் எவ்வளவு, விடுதியில் என்ன பிரச்சினை. நாலு பக்கம் வந்தது. மக்கள் தொடர்பியல் படித்தவர் சொன்னார், “நாம இந்த வேலைக்கு வந்து உருப்படியா செஞ்ச முதல் வேலை இதுதான்டா.” அதைத் தாளாளரிடம் கொடுத்தோம். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஒங்கள அங்க பேச அனுப்புனேனா, கேக்க அனுப்புனேனா?”

அந்த மாதச் சம்பளத்தோடு வேலை முடிந்தது. நாங்கள் இழுத்த இழுப்பில், ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டு, அந்தத் தங்கச்சியின் சான்றிதழ் வந்து சேர்ந்தது. ஓர் ஆண்டுப் படிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. வேறு இரண்டு வீடுகளில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அந்தத் தெருக்களில் இன்றும் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் உண்டு. அது நியாயம்தான்.

தோழர்களே, தாளாளரின் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான முதலாளிகள் இந்தத் தொழிலை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். மக்கள் தொடர்பு என்றால் நம் சார்பில் வாய் பேச ஓர் ஆள். நல்லதைப் பெரிதாக்க, கெட்டதை மூட, பத்திரிகைக்காரரைச் சமாளிக்க, டார்கெட்டை முடிக்க. வெளியே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எங்கே ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள் என்று கேட்டு வந்து உள்ளே சொல்வதுதான் அந்த வேலையின் பாதி. அந்தப் பாதிக்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை.

இந்தக் கோளாறு அந்தத் தொழில் பிறந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் ஐவி லீ என்பவர் 1906இல், பத்திரிகைகளுக்கு ஒளிவுமறைவின்றி உண்மைத் தகவல் தருவோம் என்று கொள்கை அறிவிப்பு வெளியிட்டார். நவீன மக்கள் தொடர்பின் தொடக்கங்களில் ஒன்றாக அதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் கொளுத்தப்பட்டன. ஒரு கூடாரத்தின் அடியில் குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் இறந்தார்கள். ராக்பெல்லர் குடும்பம் தன் பெயரைக் காப்பாற்ற அமர்த்தியது அதே ஐவி லீயைத்தான். முதலாளிகள் கொடுத்ததைச் சரிபார்க்காமலே அவர் துண்டறிக்கைகளாக அச்சிட்டு அனுப்பினார். அவற்றில் பிழைகள் இருந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. 1915இல் ராக்பெல்லரின் மகன் நேரில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு பேசினார். படங்கள் வந்தன, நல்ல பெயர் வந்தது. தொழிலாளர்கள் கேட்ட சங்க அங்கீகாரம் மட்டும் வரவில்லை.

லட்லோவைப் படிக்கும் தஞ்சாவூர்க்காரனுக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் வைத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. அவர்கள் குரல் மேலே போக வழியும் இருந்தது. தொழிலாளர்கள் கேட்டதை உட்கார்ந்து கேட்க மட்டும் ஆளில்லை. 1973இல் உயர் நீதிமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். எங்கள் தாளாளரை அவர்களோடு ஒப்பிடுகிறோம் என்று எண்ண வேண்டாம். கீழே இருப்பவன் பேசினால் அது தொல்லை, அவனிடம் பேசினால் போதும் என்கிற அந்தப் பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதைத்தான் சொல்கிறோம்.

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலம் விட்ட பட்டியலில் எங்கள் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி நிலக்கரிப் பகுதியும் இருந்தது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020இலேயே தமிழகம் சட்டம் இயற்றியிருந்தது. மாநில அரசையே கேட்கவில்லை என்று முதலமைச்சர் எழுத வேண்டியிருந்தது; அப்படியானால் வடசேரியில் வயலில் நிற்கிறவரை யார் கேட்டிருப்பார்கள்? ஏப்ரலில் எதிர்ப்பு கிளம்பியதும், 8ஆம் தேதி அந்தப் பகுதிகளை ஏலத்திலிருந்து நீக்குவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். முன்கூட்டியே ஊருக்கு வந்து காது கொடுத்திருந்தால் அந்தப் பத்து நாள் பதற்றமே தேவையில்லை. அப்போது ஊருக்கு வந்திருந்தாலும் ஊர்த்தெருவோடு நின்றிருப்பார்களா, நிலமே இல்லாத காலனிக்கும் வந்திருப்பார்களா என்பது எங்கள் கூடுதல் கேள்வி. வயல் போனால் பட்டாக்காரருக்கு இழப்பீடு. கூலிக்காரருக்கு?

‘மக்கள் தொடர்பு’ என்ற சொல்லையே வெறுத்துவிட வேண்டுமா? இல்லை. அது நம்முடைய தொழிலும்கூட. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது எதற்காக? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியது எதற்காக? அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தார். ஊமைகளின் தலைவன் என்று அதற்குப் பொருள். மக்களின் குறையைக் கேட்டு, எழுதி, ஆள்கிறவர்களின் முகத்துக்கு நேரே வைத்தவர்கள் அவர்கள். இதழ் நடத்தக் காசில்லாதபோதும் செய்தார்கள். நாங்கள் எழுதிய அந்த நாலு பக்கம் அந்த வரிசையில் சேரும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதை முதல் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். நேர்காணலில் தெருவைக் கேட்டால், “தெரு எதுக்கு சார்? எனக்கு என்ன வேலை?” என்று திருப்பிக் கேளுங்கள். மக்கள் சொல்வதை நிர்வாகத்திடம் எழுத்தில் தர அனுமதி உண்டா என்று கேளுங்கள். உங்களைக் காலனிக்கு மட்டும் அனுப்பினால், ஊர்த்தெருவுக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேளுங்கள். கையில் கொடுக்கிற தாளில் உள்ளதை ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் எந்தத் திண்ணையிலும் உட்காராதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நம்புகிறவர்களிடம் அந்த நம்பிக்கை மட்டும்தான் சொத்து. முதலாளி மாதச் சம்பளத்துக்கு வாங்கப் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் வீட்டுத் திண்ணைக்கு பி.ஆர்.ஓ. வந்தால் அவன் நம்ம பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள்: கலந்தாய்வா, நிர்வாக ஒதுக்கீடா? உதவித்தொகை கிடைக்கும் என்று கல்லூரி எழுதிக் கொடுக்குமா? ஒரிஜினலை எப்போது திருப்பித் தருவீர்கள்? பதில் தெரியாவிட்டால் மஞ்சள் பையைக் கொடுக்காதீர்கள்.

எங்களில் ஒருவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் அதே வேலையில் இருக்கிறார். மற்ற இருவரும் ரிசல்ட் வாரத்தில் காலனியில் மேசை போட்டுக் கலந்தாய்வு விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். சான்றிதழை மீட்ட அந்தத் தங்கச்சி அடுத்த ஆண்டு கலந்தாய்வு வழியாகவே சேர்ந்தாள். போன வருடம் எங்கள் மேசைக்கு வந்து, ஒரு பாட்டியின் பேத்திக்கு விண்ணப்பம் நிரப்பினாள். நாங்கள் பேசியதைவிடக் குறைவாகப் பேசினாள். பாட்டி சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவே இல்லை.

ஜெய் பீம்.