ஈயத் தகட்டில் வந்த சிற்றெழுத்து

தரங்கம்பாடி

அருமைப் பேத்திக்கு,

உன் பாட்டிக்கு முழங்கால் நோவு வழக்கம்போல். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, ஆராய்ச்சி ஓராண்டாக நகரவில்லை, ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ வசிக்கும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கும் நம் வீட்டு அலமாரியிலுள்ள வேதப்புத்தகத்துக்கும் இருக்கிற சம்பந்தத்தை உனக்கு இதுவரை சொல்லாதிருந்தது என் பிழை.

1706 ஜூலையில் நம் கடற்கரையில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், தமிழறியாத குறையைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு, முதிய உபாத்தியாயர் ஒருவரை அவருடைய பள்ளிக்கூடத்தோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1708இல் ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் பரிந்து பேசப்போய், டேனிஷ் கவர்னரின் கோபத்துக்கு ஆளாகி, நான்கு மாதம் கோட்டையில் சிறையிருந்தார். அந்தச் சிறைவாசத்தைப் பற்றித்தான் பிரசங்கிகள் உருகி உருகிப் பேசுவார்கள். எனக்கோ அதற்குப் பிறகு வந்த சில்லறைத் தொல்லைகளே பெரிதாகத் தோன்றுகின்றன. சிறைப்பட்டவனுக்குப் பொறுத்திருப்பது ஒன்றே வேலை, வெளியே இருப்பவனோ தினந்தோறும் எழுந்து மறுபடி தொடங்கியாக வேண்டும்.

புதிய ஏற்பாட்டை அவர் 1711இல் தமிழாக்கி முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையில் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே மாண்டார். இயந்திரம் மட்டும் ஒருவாறு மீண்டு வந்து சேர்ந்தது. தமிழே அறியாத உங்கள் ஹாலேக்காரர்கள், இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து எழுத்து வார்த்து அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தால் ஒவ்வோர் எழுத்தும் அத்தனை பெரிது! அவற்றைக் கொண்டு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714இல் அச்சிட்டபின், மிச்சத்துக்குக் காகிதம் போதாது என்று தெரிந்தது. ஆகவே, இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த டப்பாக்களின் ஈயத் தகட்டை உருக்கி, இங்கேயே சிற்றெழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார்கள் என்பது விருத்தாந்தம். உன் பாட்டி இதை நம்ப மறுக்கிறாள். வேத வசனம் சீஸ் டப்பாவிலிருந்தா வந்தது என்று என்னோடு சண்டை. விசுவாசம் என்றால் மனம் பொங்கி வழிவது என்று நீ எண்ணியிருக்கிறாய் போலும். காகிதம் போதாதபோது எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டதும் எனக்கு விசுவாசமாகவே படுகிறது.

இவ்வளவு பிரயாசைக்கும் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? ஊழியக்காரருக்குக் கட்டடங்கள் எதற்கு என்று கோபன்ஹேகனிலிருந்த சொந்த மிஷன் செயலாளரே கண்டித்து எழுதினார். பகைவர் போட்ட சிறையைச் சகித்தவரை அந்தக் கடிதம் உலுக்கிவிட்டது. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, முப்பத்தாறே வயதில் காலமானார். முந்திய ஆண்டு தாமே கட்டிப் பிரதிஷ்டை செய்த புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேதான் அடக்கம். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புஸ்தகம் வரைக்குமே வந்திருந்தார். மற்றதை ஷூல்ட்சே என்பவர் முடித்தார்.

உன் ஊரிலுள்ள பிராங்கே நிறுவனத்து ஆவணச்சாலையில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இருட்டுமுன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. பாட்டி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பார்சலில் வரும்.

உன் தாத்தா