பரஞ்சோதியார் சிறுத்தொண்டரானமை

அருப்புக்கோட்டையும் திருச்சுழியலும் சார்ந்த நாடு வானம் பார்த்த சீமை. குண்டாற்றில் நீரோடும் நாள் சில. மணல் கிடக்கும் நாள் பல. விளைவு பொய்த்தவிடத்து ஆடவர் வேற்றூர் நாடுதல் இயல்பு. அவருள் ஒருவர் இளமையிற் படை புகுந்து, போர் கண்டு மீண்டு, இரசாயனப் பொறியியல் கற்று, ஆலையொன்றில் உயர்பதவி எய்தி, மனைவி மக்களோடு வாழ்கின்றார் எனக் கொள்க. படைக்கலம் ஏந்திய கை சிவபூசைக்கு உரியதாகுமோ, ஆலைத் தொழிலும் குடும்பச் சுமையும் உடையார்க்குத் திருத்தொண்டு கூடுமோ என்னும் ஐயம் அவர்க்கு எழுதல் கூடும்.

திருச்சுழியலைப் பாடியருளிய சுந்தரமூர்த்தி நாயனாரே இவ்வையத்திற்கு விடை தருகின்றார். அவர் திருத்தொண்டத்தொகையிற் போற்றிய அடியாருள் ஒருவர் திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர். பரஞ்சோதியார் என்பது அவரது இயற்பெயர். மருத்துவ நூலும் வடநூற் கலைகளும் படைக்கலப் பயிற்சியும் கற்ற அவர், மன்னன் பொருட்டு வாதாபி சென்று வென்று, பெரும்பொருள் கொணர்ந்தனர். அம்மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் என்றும், அப்போர் கி.பி. 642-ஐ ஒட்டியது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் சிவனடியார் என அமைச்சர்வாய்க் கேட்ட மன்னன், போரில் ஏவியதற்கு வருந்திப் பொறுத்தருள வேண்டி, நிதி பல நல்கி விடை கொடுத்தான். ஊர் மீண்டவர் திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடாத்தி, அடியாரை அமுது செய்வித்த பின்னரே தாம் உண்டனர். மைந்தர் சீராளதேவர் வரலாறு உலகறிந்தது. அதற்கு முன்னே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வென்று மீண்டவர் வெற்றியைப் பேசி வாழ்ந்திலர். அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகினர். அதனால் பழம்பெயர் மறையச் சிறுத்தொண்டர் என்னும் பெயரே நிலைத்தது.

செம்பிற் களிம்புபோல் ஆணவம் உயிரோடு உடனுளது என்பது சித்தாந்தம். காற்றும் ஈரமும் கூடக் களிம்பு பிறக்கும் என்பர் இரசாயனம் வல்லார். உண்மையே, உவமை ஒருபுடை கொள்ளத்தக்கது. துலக்கிய செம்பு மீளவும் களிம்பேறுதலை அவரே நன்கறிவர். பதக்கம் அணிந்த மார்பிலும், பட்டம் பெற்ற பெயரிலும், என் மனை என் மக்கள் என்னும் பற்றிலும் 'யான் எனது' அவ்வாறே மீள மீள ஏறும். நாடோறும் துலக்குதல் தொண்டு. மலத்தின் வலி கெடுத்தல் திருவருட் செயல்.

கரிசற் சீமையார்க்கு இது புதிதன்று. பெய்த மழை மேட்டில் நில்லாது. தாழ்ந்து கிடக்கும் கண்மாயே அதனை ஏற்று ஊரைக் காக்கும். படை விட்டு மீண்டார்க்கும் வழி அதுவேயாம். ஆலையில் தம் கீழ்ப் பணிபுரிவார்க்கு இன்சொல்லும், மனை நாடி வந்தார்க்கு அன்னமும், இறைவன்முன் பணிவும் உளவாயின், அவ்வில்லறமே திருத்தொண்டாம் என்க.