ஒரு லாரி நின்னா பின்னாடி ஆம்புலன்ஸும் நிக்கும்

1/ இந்தப் பதிவு மருத்துவத்துல ஆரம்பிச்சு, நடுவுல கம்ப்யூட்டர் பக்கம் போய், கடைசில மறுபடி மருத்துவத்துக்கே வரும். கொஞ்சம் பொறுமையா வாசிங்க. நான் திருவொற்றியூர்ல சின்ன கிளினிக் வெச்சிருக்கிற பொது மருத்துவர். ப்ரோக்ராமர் இல்லை. ஆனா நான் எழுதின ஒரு சின்ன ப்ரோக்ராமால ஒரு மனுஷன் உயிர் ஊசலாடிச்சு. அதைத்தான் சொல்லப் போறேன்.

2/ 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், உரத் தொழிற்சாலைக்குப் போற கடலடிக் குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்ச ராத்திரி. அந்த மாசத் தொடக்கத்துலதான் மிக்ஜாம் புயலும், அதோட முகத்துவாரத்துல பரவின எண்ணெய்க் கசிவும். அதுல இருந்தே மீளாத ஜனங்க, கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமா தெருவுக்கு ஓடி வந்தாங்க.

3/ என் போன் விடாம அடிச்சது. ஒருத்தர்கிட்ட பேசும்போது மத்தவங்களுக்கெல்லாம் பிஸி டோன். நான் சொல்ல வேண்டியது எல்லாருக்கும் ஒண்ணுதான்: காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்கால விலகிப் போங்க, மூக்கை ஈரத்துணியால மூடுங்க, கண்ணை நல்ல தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, மூச்சுத் திணறினா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதையே ஒவ்வொருத்தருக்கா விடியற வரைக்கும் சொன்னேன்.

4/ அப்ப ஒரு முடிவு எடுத்தேன். ஒரே நேரத்துல நூறு பேருக்கு பதில் சொல்ற மாதிரி ஏதாவது வேணும். யூடியூப் பாத்து பைத்தான் கத்துக்கிட்டு, டெலிகிராம்ல ஒரு பாட் எழுதினேன். நோயாளிங்க டோக்கன் கேக்கலாம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேக்கலாம். யாராவது "நெஞ்சு வலி", "மூச்சு வாங்குது"ன்னு எழுதினா என் போன்ல அலாரம் அடிக்கும்.

5/ இதுக்கு நான் எடுத்துக்கிட்ட முறைக்குப் பேரு ஏசிங்க். (தமிழ்ல அப்படியே 'அசிங்க்'னு எழுதினா வேற அர்த்தம் வருது, விட்டுடுங்க.) புரிஞ்சுக்கறது சுலபம். நான் ஸ்டான்லியில ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப கேஷுவாலிட்டியில பாத்த அதே வேலைமுறைதான்.

6/ டூட்டி டாக்டர் ஒருத்தர்தான். முதல் ஆளைப் பாத்து "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்புவார். அவர் வர்ற வரைக்கும் சும்மா நிக்க மாட்டார், அடுத்த ஆளைப் பாப்பார். எக்ஸ்ரே வந்ததும் முதல் ஆளை விட்ட இடத்துல இருந்து தொடருவார். ஒரு டாக்டர், இருபது நோயாளி. யாரும் ரொம்ப நேரம் காக்க வேண்டியதில்லை.

7/ கம்ப்யூட்டர்ல அந்த ஒத்தை டாக்டருக்குப் பேரு ஈவென்ட் லூப். "எக்ஸ்ரே வரட்டும், நான் அடுத்தவரைப் பாக்கறேன்"னு சொல்ற இடத்துல அவெய்ட்னு எழுதணும். பைத்தான்ல இது 2015ல வந்தது. இந்த ஏற்பாடு ஒரே ஒரு நம்பிக்கையிலதான் ஓடுது: டாக்டர் எங்கயும் போய் மாட்டிக்கக் கூடாது.

8/ அதே டாக்டர், நோயாளி கையைப் பிடிச்சுக்கிட்டு எக்ஸ்ரே ரூமுக்கே போய், படம் கழுவி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னா? கேஷுவாலிட்டி முழுக்க ஸ்தம்பிக்கும். இதைத்தான் பிளாக்கிங்னு சொல்றாங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஒரு கன்டெய்னர் லாரி குறுக்க நின்னா பின்னாடி வர்ற ஆம்புலன்ஸும் சேர்ந்து நிக்கும்ல, அது மாதிரி.

9/ போன வருஷம் ஒரு ராத்திரி 9:10. மீனவக் குப்பத்துப் பையன் ஒருத்தன் பாட்ல எழுதினான்: அப்பாவுக்கு மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது. அப்பாவுக்கு 58 வயசு, 12 வருஷமா சர்க்கரை. அந்த மெசேஜ் வந்ததும் என் போன் அலறியிருக்கணும். அலறல. 9:48க்குத்தான் அடிச்சது. 38 நிமிஷம்.

10/ பதில் வரும்னு 20 நிமிஷம் காத்திருந்துட்டு, அப்புறம் ஆட்டோ பிடிச்சு அரசு மருத்துவமனைக்குப் போயிருக்காங்க. மாரடைப்பு. பிழைச்சுட்டார். ஒரு வாரம் கழிச்சு பையன் வந்தான். "மெசேஜ் போட்டேன் மேடம். நீங்க பாக்கலியா? சரி, பிஸியா இருக்கீங்கன்னு நெனச்சிகினோம்." கோபமே இல்லாம சொன்னான். அதுதான் இன்னும் வலிக்குது.

11/ நான் அன்னைக்கு பிஸியா இல்லை. வீட்ல சாப்ட்டுக்கிட்டு இருந்தேன். பிஸியா இருந்தது என் பாட். லாக் எடுத்துப் பாத்தேன். எர்ரர் இல்லை, க்ராஷ் இல்லை. 9:09க்கு அப்புறம் 9:48 வரைக்கும் ஒரு வரி கூட இல்லை. அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாம வர்ற மாரடைப்பு மாதிரி, சத்தமே போடாம நின்னிருக்கு.

12/ நடந்தது இதுதான். 9:09க்கு வேற ஒருத்தர் ரிப்போர்ட் கேட்டார். என் பாட் ஒரு லேப் வெப்சைட்டுக்குப் போய்க் கேட்டது. அந்தப் பக்கம் பதில் வரல. நான் பயன்படுத்தின 'ரிக்வெஸ்ட்ஸ்'ங்கற லைப்ரரி பழைய பாணி, பதில் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கும். நாமளா டைம்அவுட் குடுக்கலைன்னா அதுக்கு டைம்அவுட்டே கிடையாது. கனெக்ஷன் அறுந்தப்புறம்தான் அசைஞ்சது. தப்பு லேப் மேல இல்லை. வாசல்ல நிக்கவெச்சது நான்.

13/ சரி, லாரியே வரக்கூடாதுன்னு சொல்ல முடியுமா? துறைமுகம் இருக்கிற ஊர்ல லாரி வரத்தான் செய்யும். பழைய லைப்ரரிகளை விட்டா பல வேலைக்கு வேற வழியும் இல்லை. அதனால ரோட்டை ஒட்டி ஒரு பார்க்கிங் யார்டு கட்டணும். லாரி அங்க போய் நிக்கட்டும், ரோடு ஓடட்டும்.

14/ அந்த யார்டுக்குப் பேரு த்ரெட் பூல். (நீங்க வாசிக்கிற இந்த த்ரெட் வேற.) 2020 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.9ல இதுக்குன்னே 'டூ த்ரெட்'னு ஒரு வசதி குடுத்தாங்க. நிக்கிற வேலையை அதுகிட்ட குடுத்துட்டு அவெய்ட் போட்டா, வேற ஒரு ஆள் போய் எக்ஸ்ரே வாசல்ல நிப்பார். டாக்டர் சீட்லயே இருப்பார். ஒரே வரி மாத்தினேன். பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

15/ தீரல. இந்தத் தடவை நானே வேணும்னே உடைச்சுப் பாத்தேன். பதிலே சொல்லாத ஒரு போலி லேப் சர்வர் வெச்சு, அஞ்சு பேர் ரிப்போர்ட் கேக்கிற மாதிரி அனுப்பிட்டு, ஆறாவதா "நெஞ்சு வலி"ன்னு அனுப்பினேன். அலாரம் அடிக்கல!

16/ காரணம், யார்டுலயும் இடத்துக்கு அளவு உண்டு. கம்ப்யூட்டரோட கோர் எண்ணிக்கை கூட்டல் 4, அதிகபட்சம் 32. என்னோடது ஒரே கோர் உள்ள மலிவான சர்வர், அப்ப 5 இடம். அஞ்சுலயும் லேப் லாரி நிக்குது. அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி மெசேஜை டேட்டாபேஸ்ல எழுதற வேலையும் அதே யார்டு வழியா போகும்படி வெச்சிருந்தேன். ரோடு காலி, ஆனா ஆம்புலன்ஸ் யார்டு வாசல்ல க்யூவுல.

17/ அதனால ரெண்டு மாத்தம். லேபுக்குத் தனி யார்டு, அவசரத்துக்குத் தனி யார்டு. ஆஸ்பத்திரியில ஓபி க்யூவையும் கேஷுவாலிட்டியையும் எதுக்குப் பிரிச்சு வெச்சிருக்கோமோ அதே காரணம். ரெண்டாவது, அலாரம் முதல்ல, எழுதறது அப்புறம். உயிர் போற நேரத்துல யாராவது முதல்ல ஓபி சீட்டு போடுவோமா?

18/ இன்னொரு பாடம். "10 செகண்டுக்கு மேல காக்காதே"ன்னு அவெய்ட் பக்கத்துல சொன்னேன். டாக்டர் காத்திருக்கறதை நிறுத்திட்டார், ஆனா வாசல்ல நிக்கிற ஆள் நின்னுக்கிட்டேதான் இருக்கார். த்ரெட்டை வெளிய இருந்து இழுத்து நிறுத்த முடியாது. அதனால டைம்அவுட்டை லேபுக்குப் போற கோரிக்கைக்கு உள்ளயே வெக்கணும். போற ஆள்கிட்டயே "10 செகண்ட் பாத்துட்டு திரும்பி வந்துடு"ன்னு சொல்லி அனுப்பணும்.

19/ காத்திருக்கிற வேலைக்குத்தான் த்ரெட் சரி. கணக்கு போடற, மூளையைக் கசக்கற வேலைக்கு இல்லை. மாசக் கடைசியில எல்லா நோயாளிக்கும் பிடிஎஃப் தயார் பண்ற வேலையை த்ரெட்ல விட்டுப் பாத்தேன், மொத்த பாட்டும் மந்தமாச்சு. வழக்கமான பைத்தான்ல ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் கோடை ஓட்ட முடியும். அந்த வேலையைத் தனி ப்ராசஸா வெளிய அனுப்பிட்டேன். இப்ப அது ராத்திரி 2 மணிக்கு ஓடுது.

20/ கடைசியா, கண்காணிப்பு. நின்னு போன லூப், தான் நின்னுட்டதைத் தானே சொல்லாது. மயங்கிக் கிடக்கிறவர் "நான் மயங்கிட்டேன்"னு சொல்வாரா? நாமதான் நாடி பாக்கணும். இப்ப என் பாட் ஒவ்வொரு செகண்டும் ஒரு துடிப்பு அனுப்புது. அஞ்சு செகண்ட் துடிப்பு வரலைன்னா, வெளிய இருக்கிற இன்னொரு சின்ன ப்ரோக்ராம் என் போனை அலற விடும். சோதனை ஓட்டத்துல ஏசிங்க் டீபக் மோடையும் போட்டுப் பாக்கறேன். 100 மில்லி செகண்டுக்கு மேல யார் லூப்பைப் பிடிச்சு வெச்சாலும் அது காட்டிக் குடுக்கும். இதை முதல் நாளே செஞ்சிருக்கணும். செய்யல.

21/ அந்த அப்பா இப்ப மாசாமாசம் வர்றார். இதயத்தோட பம்ப் பண்ற சக்தி குறைஞ்சு போச்சு. கடலுக்குப் போறதில்லை, கரையில வலை பின்றார். 20 நிமிஷம் முன்னாடி போயிருந்தா எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா மாரடைப்புல ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசைன்னு நானே பல பேருக்கு வகுப்பு எடுத்திருக்கேன். பையன்கிட்ட நடந்ததை முழுசா சொல்லி மன்னிப்பு கேட்டேன். "மிஷின் தானே மேடம்"ன்னான். இல்லப்பா, எழுதினது நான்.

22/ இப்ப உங்களுக்கு. திடீர்னு மூச்சு வாங்கல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு இறுக்கம், இடது கை இல்ல தாடை வலி. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். உங்க டாக்டருக்கு வாட்ஸ்அப் போட்டுட்டு டிக் நீலமாகுதான்னு பாத்துக்கிட்டு உக்காராதீங்க. முதல்ல 108. என் பாட்லயும் இப்ப முதல் வரியே அதுதான்: "பதிலுக்குக் காத்திருக்காதீங்க. 108 கூப்பிடுங்க. அப்புறம் எனக்கு எழுதுங்க."

23/ ப்ரோக்ராம் எழுதற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு. உங்க கோட்ல எந்த வரி எவ்வளவு நேரம் நிக்கும்னு இன்னைக்கே ஒரு தடவை பாத்துடுங்க. அந்த வரிக்குப் பின்னாடி க்யூவுல யார் நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியல.